மேற்குச் சுவரின் கடைசி ஆறடி

காலை ஒன்பது நாற்பதுக்குப் பதிப்பாசிரியை மாடியேறி வந்தாள். கையில் ஒரு தடித்த புத்தகம். அதன் நடுவில் ஒரு சீட்டு செருகியிருந்தது. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"மையக்கா, கிடங்குக்காரர் மறுபடி வர்றாரு."

"எங்க வர்றாரு?"

"அச்சுக்குத்தான். ரெண்டாம் பதிப்பு. இன்னிக்குத்தான் முடிவாச்சு."

கிடங்குக்காரர் என்பவர் எகிப்தில் ஓர் அரசனின் தானியக் கிடங்குகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். செத்து மூவாயிரத்து நானூறு வருடம் ஆகிறது. அவருடைய கல்லறையைப் பற்றிய ஆய்வு நூல்தான் மேசையில் கிடந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், அறுபத்திரண்டு வரைபடம். அறுபத்திரண்டுக்கும் மை போட்டவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். அந்தப் பதிப்பகத்தில் வாட்ச்மேனிலிருந்து இயக்குநர்வரை எல்லோருக்கும் அவள் மையக்கா.

"முப்பத்தேழாம் படத்தை மட்டும் நீங்க புதுசா போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. அதுக்கு முன்னாடி ஒரு திருத்தக் குறிப்பு வருது. எழுதிட்டேன், ஒரு பார்வை பாத்துடுங்க."

சீட்டில் இரண்டே வாக்கியம். முதற்பதிப்பின் முப்பத்தேழாம் படத்தில் இருந்த பிழை, களத்தில் நகலெடுத்த ஓவியரின் கவனக்குறைவால் நேர்ந்தது. இப்பதிப்பில் அது திருத்தப்பட்டுள்ளது.

அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இப்படின்னு யார் சொன்னா?"

"ஃபைல்ல இருக்கு. மதிப்புரை இருக்கு, பேராசிரியர் பதில் எழுதினது இருக்கு. ஏங்க்கா, தப்பா எழுதிட்டேனா?"

"வாக்கியம் நல்லாத்தான் இருக்கு. வச்சுட்டுப் போ."

"அந்த ஓவியர் யாருக்கா? இப்ப எங்க இருக்காரு?"

"என் தம்பி."

பதிப்பாசிரியை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

கல்லில் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவர மூன்று பேர் வேண்டும். புகைப்படக்காரர் சுவரைத் துண்டு துண்டாகப் படமெடுத்துப் பெரிதாக்கித் தருவார். களத்து ஓவியர் அந்தப் படத்தை ஓர் அட்டையில் பொருத்தி, சுவர் முன்னால் நின்று, கண்ணில் படும் ஒவ்வொரு கோட்டையும் படத்தின்மேலேயே பென்சிலால் வரைவார். அட்டை இங்கே வரும். இங்கே ஒருத்தி பென்சில் கோட்டின்மேல் மை போடுவாள். மை காய்ந்ததும் அதை ரசாயனத் தொட்டியில் போட்டால் புகைப்படம் கரைந்துபோகும். மிஞ்சிய பென்சிலை ரப்பரால் துடைத்துவிட்டால் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு மட்டும் நிற்கும். புத்தகத்துக்குப் போவது அதுதான்.

பென்சில் தம்பி. மை அக்கா.

ஒரே விளம்பரத்தைப் பார்த்து ஒரே நாளில் நேர்முகத்துக்குப் போனவர்கள் அவர்கள். களத்துக்கு ஒருவரைத்தான் கூட்டிப்போக முடியும் என்றார் அந்த ஆய்வை நடத்திய பேராசிரியர். இருவர் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "அக்கா கோடு சுத்தம். தம்பி வேகம்" என்றார். களத்துக்கு வேகம் வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் தம்பி சொன்னான்.

"நீ போக்கா. நான் இங்க உக்காந்து மை போடறேன்."

"உன் கையில மைப் புட்டியக் குடுத்தா கிடங்குக்காரர் குடும்பத்தோட கறுத்துப்போவாரு. நீயே போ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஏழு பருவம் அவன் போனான். ஒவ்வொரு பருவமும் மூன்று மாதம். அட்டைகள் பெட்டி பெட்டியாக வரும். அவள் ஆணியை நெம்பிப் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, ஓரத்தை. படத்தின் ஓரமெங்கும் அவன் பென்சிலில் எழுதியிருப்பான். 'அக்கா, இந்த வாத்துக்கு நாலு விரல். எண்ணிட்டேன். நீ குறைக்காதே.' 'இந்த அம்மா கையில இருக்கறது பூ. பின்னால நிக்கற ஆளு கையில இருக்கறது என்னன்னு அந்த ஆளுக்கே தெரியாது.' 'இவர் மூக்கு உடைஞ்சது என்னால இல்லை.' அவள் தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். மை போட்டு முடித்ததும் அத்தனையையும் அழிப்பாள். அழிப்பதும் வேலையில் சேர்ந்ததுதான்.

கண்ணைக் கட்டி அந்தக் கல்லறைக்குள் விட்டாலும் அவளால் நடந்துவிட முடியும். வாசலில் கிடங்குக்காரரும் மனைவியும். இடப்பக்கம் அறுவடை. வலப்பக்கம் விருந்து. உள்ளறையின் மேற்குச் சுவரில் காணிக்கை கொண்டுவரும் வரிசை. எல்லாம் மேசையகலத் துண்டுகளாகத் தெரியும். முழுச் சுவராக ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆறாவது பருவத்தில் அவன் ஒரு கடிதம் எழுதினான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது, சாயங்காலம் வாசல் வழியாக வெளிச்சம் வந்து பூ வைத்திருக்கும் அந்த அம்மாவின் கால் விரலில் மட்டும் விழுகிறது என்று இரண்டு பக்கம். கடைசியில், 'இதெல்லாம் எழுதினா தெரியாதுக்கா. வந்து பாத்தாதான் புரியும்' என்றிருந்தது.

அந்தக் கடிதத்துக்கு அவள் பதில் எழுதவில்லை.

மை போடுவதில் ஒரு விதி உண்டு. வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ள வேண்டும். உருவம் மேடாகச் செதுக்கியிருந்தால் நிழல் வலப்பக்கமும் கீழேயும் விழும். அங்கே கோடு தடிமனாக வரும். குழியாகச் செதுக்கியிருந்தால் நேர் எதிர். இடப்பக்கமும் மேலேயும் தடிமன். படிக்கிறவன் கோட்டின் தடிமனைப் பார்த்தே கல் எழுந்து நிற்கிறதா, உள்ளே போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். மேடாகச் செதுக்க நாள் ஆகும், குழியாக வெட்டினால் சீக்கிரம் முடியும். கிடங்குக்காரரின் கல்லறை உள்ளே முழுக்க மேடு. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஏழாவது பருவத்தின் கடைசிப் பெட்டியில் மேற்குச் சுவரின் கடைசி ஆறடி வந்தது. பேராசிரியர் அந்த வருடம் காய்ச்சலோடு முன்னதாகவே திரும்பிவிட்டிருந்தார். தம்பி மட்டும் அங்கே இருந்தான். அட்டையின் நடுவில் ஓர் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தான். 'இங்கிருந்து குழி. கிடங்குக்காரர் பாதியிலேயே போய்ச் சேர்ந்துட்டார் போல. ஆளுங்க அவசர அவசரமா வெட்டிட்டுக் கிளம்பியிருக்காங்க.'

அவள் படத்தைப் பார்த்தாள். மேடு. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒவ்வோர் ஆளும் கல்லைவிட்டு எழுந்து நின்றான். அதில் சந்தேகமே இல்லை. மூன்று மாதம் தூசியில் நின்று தம்பிக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தாள்.

கேட்டு எழுதியிருக்கலாம். பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆகும். அச்சகத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனால் அவள் கேட்காததற்குக் காரணம் அது இல்லை. வந்து பாத்தாதான் புரியும். பார்க்காமலே எனக்குப் புரிகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மேட்டுக்குப் போடுகிற மாதிரி மை போட்டாள். குறிப்பை அழித்தாள். அந்த முறை சிரிக்கவில்லை.

அந்த மூலையில் விளக்கை இடப்பக்கம் வைக்க இடமில்லாமல் புகைப்படக்காரர் வலப்பக்கம் வைத்திருந்தார். வெளிச்சம் பக்கம் மாறினால் படத்தில் குழி மேடாகத் தெரியும். சுவர் முன்னால் நிற்கிறவன் மட்டும் ஏமாற மாட்டான். இது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் புத்தகம் வந்து, விற்று, மதிப்புரையும் வந்துவிட்டது. அந்தக் கல்லறையின் பெரிய செய்தியே அதன் சொந்தக்காரர் வேலை முடியுமுன் செத்துப்போனார் என்பதுதான். அது இந்த நூலில் இல்லை என்று எழுதியிருந்தார் அந்தச் சுவரை நேரில் பார்த்திருந்த மதிப்புரைக்காரர். 'ஏழு பருவம் சுவர் முன் நின்ற ஓவியருக்கு மேட்டுக்கும் குழிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.'

பேராசிரியர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்த அட்டை கிடந்தது.

"நீ குறிச்சியாப்பா?"

"குறிச்சேன் சார்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"குறிப்பு இருந்துச்சாம்மா?"

"இல்ல சார்."

ஒரு புள்ளி வைக்கிற நேரம்கூட ஆகவில்லை. தம்பி அவளைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. சுவரைப் பார்க்கிற மாதிரி, என்ன இருக்கிறதோ அதைப் பார்த்தான். பிறகு அட்டையைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

"மறந்திருப்பேன் சார்" என்றான்.

அடுத்த மாதம் வேலையை விட்டான்.

அது நடந்து பதினோரு வருடம். இப்போது அவன் வேறோர் ஊரில் நில அளவை அலுவலகத்தில் மனைப் படம் வரைகிறான். உறவில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, வேலை எப்படி என்று கேட்டாள். "சுலபம்க்கா. நிழலே கிடையாது" என்றான்.

சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும். அவர்களுக்குள் சண்டையே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான்.

"கண்ணு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"மாமா?"

"இருக்கார்."

"கால் வலி?"

"அதுவும் இருக்கு."

அவ்வளவுதான். வாத்து பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த அம்மாவின் கால் விரல் பற்றிக் கிடையாது. பதிப்பகத்துக்கு வேறு கல்லறைகள் வந்தன, வேறு பென்சில்கள் வந்தன. பெட்டியைத் திறந்ததும் இப்போதும் அவள் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். 'அளவு சரிபார்க்கவும்' என்றிருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

அன்று மாலை சீட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கணவர் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதுல என்ன?"

"தப்பு அவனோடது இல்ல. என்னோடது."

முழுக்கச் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

"பதினோரு வருஷமா இதை எங்கிட்ட சொல்லல."

"சொல்லல."

"நான் பஸ்ஸை ஒரே ஒரு தடவை செவுத்துல இடிச்சதை நீ சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம சொன்னே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் கண் நிறைந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி தண்ணீர் குடித்தார்.

"போய்ப் பேராசிரியர்கிட்ட சொல்லு. தூக்குலயா போடப்போறாரு?"

"அவர்கிட்ட சொல்றது கஷ்டம் இல்ல."

"அப்புறம் எது கஷ்டம்?"

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

பேராசிரியர் வீட்டில் படிக்கட்டிலேயே புத்தகம் தொடங்கிவிடும். அகழாய்வு அறிக்கைகள் உயரமானவை, எந்த அலமாரியிலும் நிற்காது. எல்லாம் படுத்துக் கிடந்தன. ஒரு நாற்காலியைக் காலி செய்து அவளை உட்காரச் சொன்னார். அவருக்கு இப்போது ஒரு காது கேட்பதில்லை. கேட்கிற காதுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள். உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. உரக்கச் சொல்லும்போது பூசி மெழுக முடியாது.

"ஏம்மா அப்படிச் செஞ்சே?"

"அவன் அங்க இருந்தான் சார். நான் இங்க இருந்தேன்."

அவர் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூலையில் இருந்த கட்டுகளில் ஒன்றை அவிழ்த்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டி ஒன்றை உருவி நீட்டினார். நில அளவை அலுவலகத்தின் தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

"கோவம் ஆறினதும் நானே அவனைக் கூப்பிட்டேன். நல்ல கண்ணும்மா அவனுக்கு. ஒரு தப்புக்காக விட்டுட முடியுமா? அதுக்கு அவன் போட்ட பதில் இது."

ஒரே வரி. 'அன்புள்ள சார், அக்கா கூப்பிட்டால் வருகிறேன்.'

"விளையாட்டுக்கு எழுதியிருக்கான்னு நினைச்சேன். அக்கா தம்பிக்குள்ள பேசிப்பீங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் தகவல் இல்ல. வேற ஆளைப் போட்டேன்."

அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் எழுத்து ஓரங்களில் இருந்தபடியே இருந்தது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து. ஒன்பது வருடம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் கூப்பிட்டுக் கண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்."

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

பையிலிருந்து சீட்டை எடுத்து, பதிப்பாசிரியை எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள். களத்து ஓவியர் சரியாகவே குறித்திருந்தார். மை தீட்டியவர் அக்குறிப்பை அழித்ததால் இப்பிழை நேர்ந்தது. பேராசிரியர் படித்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வேணுமாம் சார்."

"யாரு சொன்னா? சுவரோட வச்சுச் சரிபாக்காம முதல் பதிப்பை விட்டுப் பட்ட அவமானம் போதும். அப்ப இன்னொரு பருவத்துக்கு அனுமதி கிடைக்கல. இப்ப கிடைச்சிருக்கு. மூவாயிரத்து நானூறு வருஷம் காத்துட்டிருந்தவரு இன்னும் ரெண்டு மாசம் காத்திருப்பாரு." மூச்சு வாங்க நிறுத்தினார். "ரெண்டு பேர் போகணும். ஒருத்தர் படத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு கோடா படிக்கணும், ஒருத்தர் சுவரை மட்டுமே பாத்து ஆமா இல்லைன்னு சொல்லணும். பதினெட்டு நாள் வேலை. எனக்கு முட்டி போச்சு. நீ போ."

நீ போ. பதினெட்டு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த சொல் அது. கேட்டதும் உடம்பு எங்கேயோ ஓர் இடத்தில் லேசாகும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மடியில் தாள் இருந்தது.

"ரெண்டாவது ஆள் யாரு சார்?"

"அதை நீதான் சொல்லணும்."

மறுநாள் மதியம், மாடியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போன் செய்தாள். அவன் பதறிக்கொண்டு எடுத்தான்.

"என்னக்கா? இன்னிக்கு வியாழக்கிழமை. மாமாவுக்கு ஏதாவது?"

"மாமா நல்லாதான் இருக்கார். நீ வேலையில இருக்கியா?"

"வேலைதான். ஒருத்தர் மனைக்கும் இன்னொருத்தர் மனைக்கும் நடுவுல நின்னு திட்டு வாங்கிட்டிருக்கேன். சொல்லு."

"முப்பத்தேழாம் படம்" என்றாள்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"நீ குறிச்சிருந்தே. நான்தான் அழிச்சேன். நேத்து சார்கிட்ட சொல்லிட்டேன். புத்தகத்துலயும் வருது."

"புத்தகத்துல எதுக்குக்கா?"

"தப்பு புத்தகத்துலதானே இருக்கு."

அவன் சிரித்தான். சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான். "அட்டையைச் சாய்ச்சுப் பாத்தேன்ல. நீ எப்பவும் பூ மாதிரித் தேய்ப்பே. அந்த ஒரு இடத்துல மட்டும் தாள் பளபளன்னு ஆகற அளவுக்குத் தேய்ச்சிருந்தே."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கோவம் இருந்துச்சா?"

"ஒரு வருஷம் இருந்துச்சு. அப்புறம் வேற ஒண்ணு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் நினைப்பேன், இன்னிக்கு அக்கா கூப்பிடுவான்னு. நீ கால் வலியைப் பத்திச் சொல்லிட்டு வச்சிடுவே."

"உன் லெட்டரை நேத்துதான் பாத்தேன்."

"எந்த லெட்டர்?"

"ஒரு வரி லெட்டர்."

அந்தப் பக்கம் வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் சார், என்றான் அவன், வாயைத் திருப்பி.

"கேளு. அனுமதி கிடைச்சிருக்கு. சரிபாக்கப் போகணும், பதினெட்டு நாள். சார் என்னைப் போகச் சொல்லிட்டார்."

"உன்னையா? நீ போறியா?" அவன் குரல் சட்டென்று பழைய குரலாக மாறியது. "போக்கா. யோசிக்காதே. தொப்பி எடுத்துக்கோ. ரெண்டு எடுத்துக்கோ, ஒண்ணு பறந்துபோயிடும். உள்ளறையில குனிஞ்சுதான் போகணும், உன் உயரத்துக்கு நிச்சயம் இடிச்சுப்பே."

"இன்னொரு ஆள் வேணும்."

"பழகின ஆளாப் பாத்துக் கூட்டிட்டுப் போ."

"அதுக்குத்தான் போன் பண்ணேன்."

"நான் பென்சிலைத் தொட்டே பதினோரு வருஷம் ஆச்சுக்கா. இங்க எல்லாம் கம்ப்யூட்டர்தான்."

"பென்சில் வேண்டாம். நான் படத்தைப் பிடிச்சுக்கறேன். நீ சுவரைப் பாத்துச் சொல்றியா?"